இருப்பு: மலைப்பாம்பு ஒன்று

தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி "ஸ்வாமி கிருபா சொசைட்டி" என்று சொன்னால், ஆட்டோக்காரர் "அச்சா, நியம்வாலே காகா" என்பார். சட்டதிட்டப் பெரியவர் இருக்கும் கட்டடமா என்று அர்த்தம். அந்தப் பெரியவர் சந்திரமௌலி. அறுபத்து மூன்று வயது. மூன்றாவது மாடி. வாசலில் பெயர்ப் பலகையும், அதன் கீழே செருப்பு விடுவதற்கான விதிகளும் இருக்கும்.

ராணுவத் தளவாடக் கிடங்கில் முப்பத்து நான்கு வருஷம் அவர் பார்த்தது சரக்குச் சரிபார்ப்பு வேலை. பேரேட்டில் தார்ப்பாய் அறுநூறு என்று இருந்தால், ஷெட்டுக்குப் போய் அறுநூறையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். தொடாததற்கு அவர் கையெழுத்துப் போட்டதே கிடையாது. ஒருமுறை ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுதான் தேறியது. மேலதிகாரி, "ஒண்ணுதானே, எங்கயாவது இருக்கும், போட்டுருங்க" என்றார். சந்திரமௌலி போடவில்லை. சாயங்காலம் வரை தேடினார். மதியம் தயிர்சாதம் சாப்பிட அவர் விரித்து உட்கார்ந்தது அந்த அறுநூறாவது தார்ப்பாய்தான். எழுந்து, அதையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வு பெற்றபின் அவரிடம் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. சமையலறை இருந்தது. முதல் வாரம் புளியை எடை போட்டார். இரண்டாம் வாரம் அப்பளத்துக்கு வந்தார்.

"பட்டு, நேத்து டப்பால நாப்பத்து மூணு அப்பளம் இருந்தது. இன்னிக்கு முப்பத்தொம்போது."

"நாலு நீங்கதான் தின்னேள்."

"அதுக்கு சீட்டு எதுவும் எழுதலையே."

அவருடைய மனைவி பட்டு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்னா, ஒரு நாயோ பூனையோ கொண்டு வந்து வெச்சுக்கோங்கோ. ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் எண்ணுங்கோ. என் அடுப்படிப் பக்கம் வராதேங்கோ."

நல்ல யோசனைதான். ஆனால் சொசைட்டியில் பிராணிகள் வளர்க்கத் தடை. நாய், பூனை, முயல், கிளி, புறா என்று ஒரு பட்டியலே லிஃப்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. எட்டு வருஷத்துக்கு முன்னால் செயலாளராக இருந்தபோது அதை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியவர் சந்திரமௌலி. தான் எழுதிய விதியைத் தானே மீறுகிற ஆள் இல்லை அவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு பட்டியலை மூன்று தடவை வாசித்தார். பாம்பு அதில் இல்லை.

கிடங்கில் கூட வேலை பார்த்த வாணியம்பாடி நண்பரின் பிள்ளை காசிம், பக்கத்து ஊரான தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மீதி நேரத்தில் மலைப்பாம்பு வளர்க்கிறான். வெளிநாட்டு இனம், விஷமில்லாதது, எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. அதை வைத்துக்கொள்ள அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்குப் படிவம் இருக்கிறது, படிவத்துக்கு இணைப்புகளும் இருக்கின்றன என்று காசிம் சொன்ன அன்றே சந்திரமௌலி முடிவு செய்துவிட்டார்.

வந்தது ஆஸ்திரேலிய வகை. உடம்பு முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாக ஜமக்காளம் விரித்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயரே கம்பளப் பாம்பு. ஒரு வயசு, மூன்றடி, நானூற்றுப் பன்னிரண்டு கிராம். அதற்கு ராணி என்று பெயர் வைக்கலாம் என்றான் காசிம். சந்திரமௌலி புது ரிஜிஸ்டர் ஒன்றில் கோடு போட்டு எழுதினார்: "பாம்பு, மலை, கம்பளம், இளம். இருப்பு: ஒன்று."

பட்டு அதை "ஜமக்காளம்" என்று குறிப்பிட்டாள், குறிப்பிட வேண்டி வந்தபோது மட்டும்.

பாம்புக்கு வீடு கட்டும் விஷயத்தில் சந்திரமௌலியை யாரும் குறை சொல்ல முடியாது. நாலடி நீள மரப்பெட்டி. முன்பக்கம் தள்ளு கண்ணாடி, நகைக்கடை ஷோகேஸில் இருக்கிற மாதிரிப் பூட்டு. ஒரு கோடியில் வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் பல்பு. பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளாமல் இருக்கக் கம்பி வலை. அங்கே முப்பத்திரண்டு டிகிரி. மறு கோடியில் இருபத்தைந்து. சூடு வேண்டுமானால் அங்கே போகும், வேண்டாமானால் இங்கே வரும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம், ஏற ஒரு கொய்யாக் கிளை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி வெளியே சுவரில் இருந்தது. எண்கள் சிவப்பாக எரியும். அதை அவர் காலை, மாலை குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமைதான் தொல்லை. பராமரிப்பு என்று அன்றைக்குக் கரண்ட் போகும். டிசம்பர் குளிரில் பெட்டி ஆறிவிடக் கூடாதே என்று அவர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தார்.

"அது என் முழங்காலுக்கு வாங்கினது," என்றாள் பட்டு.

"உனக்கு முப்பத்தேழு டிகிரி தானா இருக்கு. அதுக்கு இல்லை."

சாப்பாடு, வாரத்துக்கு ஓர் எலி. உறைய வைத்தது, காசிமே கொடுப்பான். வெங்காயம்கூட ஏகாதசியில் நுழையாத வீட்டில் அதை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. முடிவில் பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று பால்கனிக்கு வந்தது. தெற்குப் பார்த்த பால்கனி. யமன் திசை, பொருத்தம்தான் என்று பட்டு சம்மதித்தாள். எந்தக் கிழமை கொடுப்பது என்பதையும் அவளே தீர்மானித்தாள். திங்கள் சோமவாரம், செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, வியாழன் குருவுக்கு, சனி பெருமாளுக்கு, ஞாயிறு பெண் ஸ்நேஹா வீடியோவில் வருவாள். புதன் மிஞ்சியது.

எல்லாம் சரியாக இருந்தது. பாம்பு சாப்பிடவில்லை.

முதல் புதன் சாப்பிடவில்லை. புது இடம், போகட்டும் என்றார்கள். இரண்டாம் புதனும் இல்லை. மூன்று, நான்கு, ஐந்து. எலி வைத்தது வைத்தபடி மறுநாள் குப்பைக்குப் போனது. நானூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுத் தொண்ணூறாகி, முந்நூற்று எழுபத்தொன்றானது.

காசிம் முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். எட்டு புதன் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் அவன் வந்து பாம்பைத் திரும்ப எடுத்துப் போவான். சந்திரமௌலி அதைத் தன் கையாலேயே முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஆறாவது புதன் எலி மீந்ததும் அவர் காசிமுக்கு ஃபோன் செய்தார். பட்டு பருப்பு பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பாம்பு போய்விட்டால் அடுத்து அந்தப் பருப்பைத்தான் எண்ணுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சூடு கரெக்டா இருக்கா சார்?"

"முப்பத்திரண்டு, இருபத்தஞ்சு. ஒண்ணரை மாச ரீடிங் இருக்கு. அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். கையில ரொம்ப எடுக்கிறீங்களா?"

"ரொம்ப எங்கே. ஒரு நாளைக்கு ஒரு தரம். காலம்பர ஒன்பதரை."

"தெனமுமா?"

"வெளியில எடுத்து, தலையிலேந்து வால் வரைக்கும் தடவிப் பார்த்து, டேப் வெச்சு அளந்து, தராசுல வெச்சு, எழுதிட்டு உள்ள விட்டுடுவேன். நடுவுல பிடி கொடுத்துத்தான் தூக்கறேன், நீ சொன்ன மாதிரி. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு தரம்."

"ஞாயித்துக்கிழமை ஏன் சார் ரெண்டு?"

"வாராந்திர சரிபார்ப்பு தனி இல்லையா?"

மறுமுனையில் காசிம் இயந்திரச் சத்தத்தை விட்டு வெளியே வந்தான்.

"சார், தெனம் வந்து பிடிச்சா, நம்மள ஏதோ மிருகம் புடிக்குதுன்னு அது பயந்துக்கும். பயந்தா துன்னாது. இனி ரெண்டு வாரம் தொடாதீங்க. பாக்கக்கூடப் பாக்காதீங்க. கண்ணாடிய துணி போட்டு மூடுங்க. ஏழாவது புதன் எலியே வேணாம். எட்டாவது புதன் குடுங்க. அப்பவும் துன்னலேன்னா மறுநாள் லீவு போட்டுட்டு வந்து எடுத்துக்கறேன்."

சந்திரமௌலி ஃபோனை வைத்தார். "தொடாம இருக்கணுமாம்," என்றார்.

"காலம்பர ஒன்பதரைக்கு உங்களைத் தூக்கி யாராவது தராசுல வெச்சா உங்களுக்கு இட்லி இறங்குமா?" என்றாள் பட்டு. எழுந்து போய், பெட்டியைப் பூட்டி, அவருடைய பழைய எட்டு முழ வேட்டியால் கண்ணாடியை மூடினாள். சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவர் ரிஜிஸ்டரைத் திறந்தார். இருப்பு என்ற கட்டத்துக்கு நேரே பேனா நின்றது.

"ஒண்ணுன்னு எழுதிக்கோங்கோளேன்," என்றாள் பட்டு.

"பாக்காமயா?"

"முப்பத்தி நாலு வருஷம் நீங்க ஆபீஸ்ல இருக்கேளான்னு வந்து பாத்துட்டா நான் டப்பா கட்டினேன்?"

அவர் பேனாவை மூடினார். அந்தக் கட்டம் அன்றைக்கு வெறுமையாகக் கிடந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் ரிஜிஸ்டரில் வெற்றுக் கட்டம் இருந்ததில்லை. இருந்தால் மெமோ வரும். இப்போது மெமோ கொடுக்கவும் ஆள் இல்லை. சிவப்பு எண்களை மட்டும் நாளைக்கு எட்டுத் தடவை குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் பட்டு கீழ்வீட்டு வைஜயந்தி வீட்டு ஹல்தி குங்குவுக்கு, மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ளப் போனாள். வீட்டில் அவரும் பெட்டியும்தான். சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்தச் சமையலறையை அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்தவர் அவர். பட்டு எதையாவது ஒளிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அஞ்சறைப்பெட்டியை இறக்கித் திறந்தார். வெந்தயத்தைக் கரண்டியால் ஒதுக்கினார். சாவி இருந்தது.

வேட்டியை ஓர் ஓரமாகத் தூக்கிப் பார்த்தால் போதும். கையைக்கூட உள்ளே விட வேண்டாம். இருக்கிறதா என்று தெரிந்துவிடும், கட்டமும் நிரம்பும்.

சாவியைத் தொட்டுப் பார்த்தார். சாவி ஒன்று. சரி. வெந்தயத்தை மூடி, பெட்டியை இருந்த இடத்தில் வைத்தார். கூடத்துக்கு வந்து ரிஜிஸ்டரை எடுத்து, வெறுமையாகக் கிடந்த நான்கு கட்டங்களிலும் "ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா மறுக்காமல் எழுதியது. மை தீர்ந்துவிடவில்லை.

எட்டாவது புதன் சாயங்காலம் எலியைப் பையில் போட்டு வெந்நீரில் வைத்தார். பாம்புக்குச் சூடு தெரிந்தால்தான் அது இரை என்று புரியும். சொசைட்டி வாசலில் கொரோனா காலத்தில் வருகிறவர் நெற்றியில் எல்லாம் காட்டிய காய்ச்சல் துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது. எலியின் நெற்றியில் காட்டினார். முப்பத்தெட்டு. பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறந்துவிட்டாள். நீள இடுக்கியால் எலியை மறைவிடத்தின் வாசலில் வைத்து, உள்ளே பார்க்காமலே கண்ணாடியைத் தள்ளினார். அவள் பூட்டினாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பட்டு கேட்காமலேயே தன் வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்தாள். ஆனால் பெட்டியைத் திறக்கக் கூடாதே என்று அதை மேல் பலகையில் வைத்து, அதன்மேல் கம்பளியைப் போர்த்தினார்கள்.

பத்து மணிக்கு காசிம் துணிப்பையோடு வந்தான். வேட்டியை ஒதுக்கி டார்ச் அடித்தான். எலி இல்லை. பாம்பும் கண்ணில் படவில்லை. மறைவிடத்துக்குள் இருக்க வேண்டும்.

"துன்னுச்சா, இல்ல உள்ள எங்கயாச்சும் இழுத்துப் போட்டுச்சா தெரியலியே. மறைவிடத்தத் தூக்கிப் பாத்துர்றேன் சார். சாவி?"

சந்திரமௌலி ரிஜிஸ்டரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "நீ சொல்லச் சொல்ல எழுதினது. ஏழாவது வரி. இரை எடுத்தபின் நாற்பத்தெட்டு மணி நேரம் தொடக் கூடாது. தொட்டால் கக்கிவிடும்."

"எடுத்துச்சான்னே தெரியலயே சார்."

"எலி ஒண்ணு வெச்சேன். எலி இல்லை. சாப்பிட்டதுன்னு எழுதி நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"பாக்காமயா?"

"பாக்காமதான்," என்றார் சந்திரமௌலி.

காசிம் அவரைப் பார்த்தான். கிடங்கில் கூட வேலை பார்த்த அவனுடைய அத்தா, தொடாமல் கையெழுத்தே போடாதவர் என்று இந்த மனிதரைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தார். பட்டுவைப் பார்த்து, "ஆன்ட்டி, சாவி குடுங்க," என்றான்.

"குடுக்கறதா இல்லைப்பா. காபி குடுக்கறேன், உக்காரு."

அவன் காபி குடித்தான், கையெழுத்துப் போட்டான், காலிப் பையை மடித்து வைத்துக்கொண்டு லோக்கல் ரயில் பிடிக்கப் போனான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு பட்டு சாவியைக் கொண்டுவந்து ரிஜிஸ்டர் மேல் வைத்தாள். அதில் வெந்தய வாசனை அடித்தது. "நாப்பத்தெட்டு மணி ஆயாச்சு. எண்ணிக்கோங்கோ."

"இருக்கட்டும். புதன்கிழமை பாத்துக்கலாம்."

"நேத்து கூடம் பெருக்கறச்சே நான் வேட்டியைத் தூக்கிப் பாத்தேன். வெளியில வந்து படுத்திண்டிருந்தது. ஜமக்காளத்துக்கு அடியில ஒரு தலகாணி வெச்ச மாதிரி நடுவுல புடைச்சிண்டிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரைக் கேட்டுண்டு பாத்தே?"

"நீங்கதான் எண்ணாம கையெழுத்துப் போட ஆரம்பிச்சுட்டேளே. ஆத்துல யாராவது ஒருத்தர் பாக்க வேண்டாமா?"

சந்திரமௌலி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அன்றைய தேதிக்கு நேரே "ஒன்று" என்று எழுதினார். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில், பட்டு என்று எழுதி, கையெழுத்துக்காக ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினார்.