எங்கே என்று கேட்காத கருவி

ஐம்பத்து நான்கு வயதில் எனக்குக் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. கிடைத்த கிழமையே என் தம்பி, "என்ரை கலியாணத்துக்குக் கூறையும் தாலியும் அக்காவின்ரை காரிலைதான் வரவேணும்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டான். நாற்பத்து மூன்று வயதில் ஒருவழியாகச் சம்மதித்த மாப்பிள்ளை, அவன் பேச்சுக்கு யார் மறுபேச்சுப் பேசுவது? எங்கள் பெரிய மாமா பேசினார். "தாலியை உவளின்ரை காரிலையோ? சந்தி வந்தால் கண்ணை மூடுறவள்!" என்றார். அது முழுப் பொய்யும் இல்லை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. மாமாவின் கண் முன்னாலேயே கூறைச் சேலையும் தாலியும் வைத்த கூறைத்தட்டைக் கொண்டுபோய் இறக்கிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் எடுத்தேன்.

கார் ஓடும். வழிதான் தெரியாது. முப்பது வருடம் கொழும்பில் இருந்துவிட்டு அண்மையில்தான் சொந்த ஊரான கொழும்புத்துறைக்குத் திரும்பி வந்திருந்தோம். பெண் வீடு மருதனார்மடத்துக்கு உள்ளே, குறுகிய ஒழுங்கைக்குள் ஒழுங்கை பிரிகிற ஊர். கல்யாணமும் அந்த ஊர்க் கோயிலில்தான். ஒரு தடவை வான் வண்டியில் போயிருந்தோம். அன்றைக்கு நான் வழியையா பார்த்தேன்? பின்சீட்டில் இருந்து ஊர்க்கதை கதைத்துக்கொண்டு போனேன்.

கைப்பேசி வழிகாட்டாதா என்றால், காட்டும். ஆனால் என் கணவரின் கைப்பேசிக்குக் கனடாவிலிருந்து யாராவது ஒருவர் அழைப்பு எடுத்துக்கொண்டே இருப்பார். மணி அடித்ததும் வரைபடம் மறையும், இவர் கதைக்கத் தொடங்குவார், நான் எந்தச் சந்தியில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போகும். ஆகவே காரில் பூட்டுகிற ஜிபிஎஸ் கருவி ஒன்றைத் தனியாக வாங்குவோம் என்று நகரத்துக் கடையொன்றுக்குப் போனோம்.

கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவதில் திரை பெரிது, எழுத்துப் பெரிது. எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. என் கணவர் அதைப் போட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"உது என்ன கேக்குது?"

"எங்கை போறியள் எண்டு கேக்குது அண்ணை. போட்டவுடனை கேக்கும்."

இவர் அதைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டார். இரண்டாவதும் அதையேதான் கேட்டது, அதுவும் வாய் திறந்து.

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராதாம். அறியாமல் இருக்க முடியாதவர்கள் "தூரவோ?" என்று மெல்லக் கேட்டுக்கொள்வார்கள். என் கணவர் வங்கியில் முகாமையாளராக இருந்தவர், படித்த மனிதர். ஆனாலும் வாசல் படலையில் யாராவது "எங்கை" என்று வாயெடுத்தால் திரும்பி வீட்டுக்குள் வந்து, கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்.

"தாலி கொண்டு வெளிக்கிடேக்கை உது எங்கை எண்டு கேக்கட்டோ?" என்றார் என்னிடம்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. மூன்றாவதைக் கையில் எடுத்தார். "இதைக் கேக்காமல் விடப் பண்ணலாம் அண்ணை. போட்டால் தன்ரை பாட்டிலை வழி காட்டத் தொடங்கும்."

திரை தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அதையே வாங்கினோம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தி, சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போய் அதைச் சோதித்தோம். அருமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று பின்னேரம் இவர் கோயிலையும் அதில் பதிந்து வைத்தார். பதிந்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரும் பேருந்தும் முன்னே போய்விட்டன. இவர் காஸை மூடி, கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து வந்து ஏறினார். கூறைத்தட்டை அவர் மடியில் வைத்தேன். கருவியைப் போட்டேன். ஒரு கேள்வியும் இல்லை, பெண் குரலில் நேராகப் போகச் சொன்னது. இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மருதனார்மடம் சந்தியில் ஆஞ்சநேயர் சிலை தெரிந்தது. "இதிலை திரும்பவேணும் போலை கிடக்கு" என்றேன்.

"அவள் நேரை போகச் சொல்லுறாள். அங்காலை போய்த் திருப்புவாள். நீர் பேசாமல் ஓடும்."

அவள் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில், சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். பார்த்தால் முன்னால் சுன்னாகம் சந்தை. மலைமாதிரி வெங்காயம்.

எங்கே என்று கேட்க வேண்டாம் என்றோம், அது கேட்கவில்லை. கடைசியாகப் போன இடத்துக்கே மறுபடி கூட்டிவந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. பதிந்து வைத்த கோயிலை அந்தத் தீப்பெட்டித் திரையில் தேடிப் பிடிக்க இவரால் முடியவில்லை; கைப்பேசி வரைபடத்தைத் திறந்தால் கனடாவிலிருந்து மணி அடித்தது. தம்பிக்கு எடுத்தால் பதில் இல்லை, மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வெறுங்கழுத்தோடு மணவறையில் இருக்கப்போகிற பெண்ணை நினைத்தேன். மாமாவின் முகத்தையும் நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது வெங்காய வியாபாரி ஒருவர் கண்ணாடியருகில் குனிந்து கேட்டார்.

"எங்கை போறியள்?"

என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நானோ அந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போல ஊரைச் சொன்னேன், கோயிலைச் சொன்னேன், தம்பியின் வயதைக்கூடச் சொன்னேன். அவர் இவரின் மடியில் இருந்த தட்டைப் பார்த்தார்.

"ஐயோ, கூறைத்தட்டெல்லே! அது என்ரை மனுசியின்ரை ஊர். நான் முன்னாலை போறன், விடாமல் பின்னாலை வாங்கோ!" என்றவர், சந்தைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "தாலி போகுது, வழி விடுங்கோ!"

அந்த நெருக்கடியிலும் லொறி பின்னுக்குப் போனது, சைக்கிள்கள் ஒதுங்கின, மரக்கறி விற்ற பெண்கள் எழுந்து நின்று கை காட்டினார்கள். ஒரு வெங்காய மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால், ஒழுங்கை ஒழுங்கையாக வளைந்து நான் ஓட்டினேன். இவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் நான் கார் ஓட்டியதில்லை.

கோயில் வாசலில் மாமா நின்றார். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. இவரிடமிருந்து தட்டை வாங்கி, மாமாவின் கண் முன்னாலேயே உள்ளே கொண்டுபோனேன். தம்பி தாலி கட்டியபோது மேளத்தோடு சேர்ந்து நானும் சத்தமாக அழுதேன். இந்தத் தடவை அது வேறு அழுகை. வெங்காய வியாபாரியை என் கணவர் கையைப் பிடித்து இழுத்துவந்து முதல் பந்தியில் இருத்தினார்.

திரும்பும் நேரம் மாமா காரடிக்கு வந்தார். "பிள்ளை, உன்ரை காரிலை இடமிருக்கோ?"

பேருந்து பாதி வெறுமையாக நின்றது. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை, கதவைத் திறந்துவிட்டேன்.

என் கணவர் கருவியைக் கையில் எடுத்துத் திரும்பி, வாய் நிறையக் கேட்டார். "எங்கை மாமா போறியள்?"

மாமா திடுக்கிட்டுப் போனார். "என்ன தம்பி, வெளிக்கிடேக்கை உப்பிடிக் கேக்கலாமோ?"

"கேக்காட்டி சுன்னாகத்துக்குத்தான் மாமா போகவேணும்."

மருதனார்மடம் சந்தி வந்தது. இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பிவிட்டு, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். மாமா கண்ணை மூடி, வாயைத் திறந்து, நல்ல நித்திரையாயிருந்தார்.