பளபளப்பாக்கித் தந்த துப்பாக்கி

இரண்டாயிரங்களில் நான் ஸ்டுட்கார்ட்டில் எஞ்சினியர். சுட முடியாதபடி குழலை அடைத்த பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளைத் தேடி வாங்குவது என் பைத்தியம்.

ஒரு கண்காட்சியில் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தோளில் ஊன்றும் மரக்கட்டையில் யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் தமிழில் 'அண்ணாமலை' என்று கீறியிருந்தான். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த 'லை'. எந்தப் போர்முனையில் உட்கார்ந்து கீறினானோ என்று அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

எனக்கு ஜெர்மன் வராது. பேரம் பேசக் கூட வந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "முகத்தில காட்டாதேங்கோ தம்பி. குறை சொன்னால்தான் விலை இறங்கும்."

பிறகு அந்தக் கீறலையே தொட்டுக் காட்டி, விற்கும் கிழவரிடம் முகம் சுளித்தார். விலை இறங்கியது. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுவாரம் மீதியைக் கொடுத்துத் துப்பாக்கியை எடுத்துவரக் கிழவர் வீட்டுக்குப் போனால், கட்டை கண்ணாடிபோல் மின்னியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தார். பெயர் போயே போய்விட்டது.

"உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டு, காசு வாங்காமல் செய்தவராம்" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

"அந்தப் பேருக்காகத்தானே அண்ணே இதை வாங்கினதே" என்று கத்தினேன்.

ஏன் கத்துகிறேன் என்று புரியாத கிழவர், இன்னும் எங்காவது கீறல் இருக்கிறதோ என்று கட்டையைத் துணியால் துடைத்துப் பார்த்தார்.

அந்தத் துப்பாக்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூன்று பேரில் ஒருவரும் கெட்டது நினைக்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாத கோபம் லேசில் ஆறுவதில்லை.