சலூன்காரர் வெட்டிய மிளகாய்ச் செடிகள்

சலூன்காரர் பேச்சுக்குப் பெயர் போனவர். கடையில் கத்தரி ஓடுகிற வேகத்தில் வாயும் ஓடும். வீட்டுக்கு வந்தாலும் பேச ஓர் ஆள் வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஆள் அவர் மனைவிதான். பிஸ்கட் கம்பெனி வேலையிலிருந்து நின்ற பிறகு அவள் பால்கனியில் மிளகாய் வளர்க்கத் தொடங்கினாள். வந்தது வினை.

அடியில் ஓட்டை போட்ட ஐந்து பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஐந்து செடிகள். சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்து கடைக் கதையை எடுத்தால், அவள் பாதியில் எழுந்து போய்விடுவாள். பால்கனியிலிருந்து குரல் கேட்கும்.

"என்னடா கண்ணு, இப்படிச் சுருண்டு கிடக்கே? வெயில் தாங்கலையா?"

அவருக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அந்தக் குரலில் கேட்டதில்லை.

செடிகளைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் தெருவுக்கு எதிர்ப்பக்கம், அதே உயரத்து மாடியில், தனியாக இருக்கும் டெய்லர் ஒருவரும் மிளகாய் வளர்த்தார். கம்பியில் கை ஊன்றிக்கொண்டு இரண்டு பேரும் தெருவைத் தாண்டிப் பேசுவார்கள். பூ ஏன் உதிர்கிறது, பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் எவ்வளவு. அவள் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். இருந்தாலும் சலூன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படி என்ன பேச்சு, மணிக்கணக்கா?"

"செடி விஷயம். உங்களுக்குப் புரியாது."

அந்த வார்த்தை தைத்துவிட்டது. மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கத்தரியை எடுத்துப் போய் ஐந்து செடிகளின் உச்சியையும் நறுக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆத்திரத்திலும் ஒரே மட்டமாகத்தான் வெட்டியிருந்தார். கைப்பழக்கம்.

அவள் ஈரத்தலையோடு வந்து பார்த்தாள்.

"நீங்களா வெட்டினீங்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நுனியைக் கிள்ளினாத்தான் பக்கக் கிளை விடும்னு டெய்லர் அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்குத்தான் மனசு வரல. நல்லவேளை, நீங்களே செஞ்சிட்டீங்க." உடனே எதிர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே இவரு வெட்டிட்டாரு."

வெட்டியது இவர், பேர் அவருக்கு. சலூன்காரர் கத்தரியைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

செடிகள் கிளைத்து, பூத்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்தன. முதல் பறிப்பிலேயே ஒரு பை நிறைய டெய்லருக்கு என்றாள். கொண்டுபோக வேண்டியதும் இவர்தான். படியில் இறங்கும்போது நீளமான, பளபளப்பான காய்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிச்சம் கோணலும் குட்டையும்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு டெய்லர் எழுந்தார். "வாங்க மாப்பிள்ளை."

தங்கச்சி புருஷன் என்றால் மாப்பிள்ளைதானே. இவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. டெய்லர் பையைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி விவரம்தான். நல்ல காயை உங்களுக்கு எடுத்து வச்சிருக்கு. அதுதானே முறை."

சலூன்காரர் படியிறங்கினார். கடை வரைக்கும் சட்டைப்பைக்குள் கையை விட்டு அந்தக் காய்களைப் பிசைந்துகொண்டே நடந்தார். அதே கையோடு முதல் ஆளுக்கு முகத்தில் நுரை தடவினார். அந்த மனிதர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"என்னய்யா இது, இந்த எரி எரியுது?"

"புது கிரீம்," என்றார் சலூன்காரர். தண்ணீரை எடுத்து அந்த முகத்தைக் கழுவக் கழுவ, அவர் கையும் எரியத் தொடங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கை பழமாய்ச் சிவந்திருந்தது. எப்படி, என்ன என்று மனைவி கேட்கவில்லை. தயிரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து விரல் விரலாகத் தடவினாள். கடையில் அந்த ஆள் துள்ளியதை அவர் சொன்னார். அவள் முழுதாகக் கேட்டாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"தண்ணி ஊத்தலையா தங்கச்சி?" என்று எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது.

"காலையில ஊத்திக்கிறேண்ணே."

எரிச்சல் எப்போதோ அடங்கிவிட்டிருந்தது. அதைச் சொல்லாமல் சலூன்காரர் அடுத்த கையையும் நீட்டினார்.