தலை சாய்க்காத ஆட்டுக்குட்டி

என் நோயை முதலில் கண்டுபிடித்தது ஓர் ஆட்டுக்குட்டி. உயிருள்ளது அல்ல, படுக்கையில் தனித்துக் கிடப்பவர்களுக்குத் துணையாக, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் நானும் கணவரும் வடிவமைக்கும் இயந்திரக் குட்டி. கழுத்தைத் தடவினால் கண் சொக்கித் தலையைக் கைக்குள் சாய்க்கும். அன்று எவ்வளவு தடவியும் சாய்க்கவில்லை.

சென்சாரைத் திட்டினேன். கழற்றிப் புதிது பொருத்தினேன். அவர் தடவினால் மட்டும் சாய்ந்தது. “ஆளு பாத்துல்லா பழகுது!” என்று கேலி செய்தார். மறுநாள் படி இறங்கும்போது செருப்பு கழன்றதே எனக்குத் தெரியவில்லை. பழுது குட்டியில் இல்லை, என் உடம்பில்தான் என்று அப்போதுதான் இருவரும் பயந்தோம்.

திருநெல்வேலியில் நரம்பு மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. கில்லன் பாரே என்றார் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், தவறுதலாக நரம்புகளையே தாக்கும் நோய்).

“மூச்சுத் தசையைத் தொடுறதுக்குள்ள வந்துட்டீங்கம்மா. பெரும்பாலும் சரியாயிடும். ஆனா நரம்பு அவசரப்படாது.”

இம்யூனோகுளோபுலின் (கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அழுதேன். இந்த நோய் வந்தால் நீங்களும் அழுங்கள், வெட்கமில்லை. அழுதுவிட்டுக் கை கால் பயிற்சிக்குப் போய்விடுங்கள்.

வீடு திரும்பியதும் அவர் குட்டியை என் மடியில் வைத்தார். என் விரல்கள் அதன் கழுத்தில் ஊர்ந்தன. அது மரக்கட்டையாகக் கிடந்தது. இந்தக் கையால் இனி எந்தக் குட்டியைச் செய்யப்போகிறேன்?

“ஏட்டி, சென்சாரக் கொஞ்சம் இளக்கி வைக்கட்டா? லேசாத் தொட்டாலே சாயும்.”

“வேண்டாங்க. எனக்குன்னு சலுகை காட்டுத வேலையெல்லாம் வேண்டாம். கை தேறட்டும், அதுவா சாயும்.”

“அப்போ நாம இத பயில்வானுக்கா செய்யுதோம்?”

படுக்கையில் கிடப்பவர்களுக்கான குட்டியை, நோய் என்றால் என்னவென்று தெரியாத என் கையின் பலத்துக்கு அளந்து வைத்திருந்தேன்.

“இளக்குங்க. எல்லாக் குட்டிக்கும்,” என்றேன்.

அன்று மாலை அது உள்ளங்கைக்குள் தலையைச் சாய்த்தது. ரோமம் விரலுக்குத் தெரியவில்லை, தலையின் கனம் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்போது கை தேறிவிட்டது. விரல்நுனியில் மட்டும் சற்று மரப்பு. புதிய குட்டிகள் உருவாகின்றன. ஏதோ அவசரத்தில் பழைய பலத்தோடு தடவினால், இளக்கிய குட்டி மிரண்டு தலையை இழுத்துக்கொள்கிறது. மறுபடி இறுக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். என் கையைத்தான் மெதுவாக்கிக்கொண்டேன்.