ரெட்டை நட்சத்திரம்

ஆம்பூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஷூ கம்பெனி யூனிபாரத்தில் இருந்தார். கட்டைவிரலில் தங்க நிற மை. அழுது கண் வீங்கியிருந்தது.

கண்டக்டர் எனக்கு மீதி ஐந்து ரூபாய் கொடுத்ததும், "அத்த கொஞ்சம் குடுங்க சார்" என்று வாங்கி, வருஷத்துக்குக் கீழே நகத்தால் தடவினார். எந்தக் காசு வந்தாலும் அங்கேதான் பார்ப்பாராம். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்தில் அடித்தது, புள்ளி என்றால் நொய்டா.

"இதுல நட்சத்திரம் ரெட்டையா விழுந்திருக்கு பாருங்க. காசு அடிக்கிற அச்சுல நட்சத்திரத்த கையால வச்சு தட்டுறப்ப நழுவியிருக்கும். அப்புறம் அந்த அச்சுல அடிச்ச காசெல்லாம் இப்டித்தான்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஷூவுக்குள்ள சைஸ் நம்பர் அடிக்கிறவ சார் நானு. இன்னிக்கு நம்பர் ரெட்டையா விழுந்து மொத்த லாட்டும் ரிஜெக்ட். எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க. இனிமே போறதில்லன்னு வந்துட்டேன்."

"இந்த மாதிரி காசுக்கு ஜாஸ்தி விலை தருவாங்களாமே" என்றேன். அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வேறொரு ஐந்து ரூபாயை என் கையில் வைத்தார்.

பள்ளிகொண்டாவில் ஏறிய வேர்க்கடலைக்காரரிடம் அந்த ரெட்டை நட்சத்திரக் காசை நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். அவரோ பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"வாங்கிக்கினாரு சார்!" சிரித்துவிட்டார். "நாளைக்கு ஷிப்டுக்குப் போறேன்."

பாதிக் கடலையை என் உள்ளங்கையில் கொட்டினார்.

இப்போதெல்லாம் ஷூக் கடையில் உள்ளே கைவிட்டு நம்பரைத் தடவிப் பார்க்கிறேன். ரெட்டையாக விழுந்த ஜோடி கிடைத்தால் அதைத்தான் வாங்குவேன்.