எம்.பி. சாப்பிட்ட மீன்குழம்பு

நீதிமன்றத்தில் பொய் சொன்னவர் எங்கள் எம்.பி. தண்டனையை அனுபவித்தவர் அமராவதி அக்கா. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

விசுவமடுவில் இறங்கி உள்ளே போனால் எங்கள் குளமும் வயல்களும் வரும். அமராவதி அக்காவின் தகப்பன் காணி கிடைக்கிறது என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அக்காவுக்கு அப்போது பால்பல்லே விழவில்லையாம். இப்போது நெல் விதைக்கிறார், பசு வளர்க்கிறார், யாருடைய மாடு தன் பயற்றுக்குள் வந்தாலும் மாட்டுக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறார். ஆனால் அவருடைய உண்மையான பதவி அம்மன் கோயில் அன்னதானக் குசினி. வைகாசிப் பொங்கலன்று கிடாரத்துக்குள் அகப்பை போடுகிற உரிமை அவருக்கு மட்டும்தான். அம்மனுக்குப் படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பு, புளி எல்லாம் கைக்கணக்குத்தான். அவருடைய கத்தரிக்காய்க் கறிக்காகவே நெடுங்கேணியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். அன்று அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் அரசாங்க அதிபர்கூட வழிவிடுவார்.

பொங்கலுக்கு முன் கோயிலில் விளக்கு வைத்துவிட்டால் ஊரில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. முட்டைகூட இல்லை. மீன்காரர் மஹ்றூப் முல்லைத்தீவிலிருந்து புறப்படுமுன் போன் எடுத்து, “விளக்கு வைச்சிட்டீங்களோ?” என்று கேட்பார். வைத்தாயிற்று என்றால் பொங்கல் முடியும்வரை அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குள் வராது. இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். எம்.பி.க்குத் தெரியவில்லை.

அவர் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கேயோ ஆற்றில் களவாய் மணல் ஏற்றிய டிப்பர்கள் பிடிபட்டபோது இந்த மனிதர் நேரில் போய் நின்று பொலிசை வெருட்டினார் என்று வழக்கு. அந்த நேரத்தில் தான் ஆற்றடியில் இல்லை என்றும் ஒரு ஏழைத் தாயின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். எந்தத் தாய் என்று கேட்டார்கள். வீட்டுத்திட்டத்தில் அக்காவுக்குக் கட்டிய வீட்டுக்கு நாடா வெட்ட வந்தபோது எடுத்த படம் அவருடைய கந்தோர்ச் சுவரில் தொங்குகிறதாம். அதில் நின்ற அமராவதி அக்காவின் பெயர் வாயில் வந்துவிட்டது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முல்லைத்தீவு ஆள். “என்ன சாப்பாடு?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்.

“புட்டும் விளைமீன் குழம்பும். நல்ல உறைப்பு.”

சட்டத்தரணி திகதியை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். எம்.பி.யும் சொன்னார். பொங்கல் வாரம்.

பிறகு அமராவதி அக்காவையும் சாட்சிக்கு அழைத்தார்கள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய், “இவர் நாடா வெட்டினதோடை போனவர். என்ரை வீட்டிலை தண்ணிகூடக் குடிக்கேல்லை” என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். கடைசியில் பொய்ச்சாட்சி சொன்ன குற்றம் எம்.பி.யின் தலையில் விழுந்தது. சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். பதவி போயிற்று. அவர் மேன்முறையீடு செய்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வெள்ளை வேட்டியோடு வெளியில்தான் திரிந்தார்.

தீர்ப்பு வந்த மறுநாள் பால் சேகரிக்கிற இடத்தில் ஒரே கதை.

“கோட்டிலை ஆர்தான் உண்மை சொல்லுறது?” என்றார் ஒருவர்.

“றோட்டுப் போட்டுத் தந்த மனிசன் ஒரு பொய் சொல்லக்கூடாதோ?” என்றார் இன்னொருவர்.

“களவு செய்தாலும் பரவாயில்லை. ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியாதவனுக்கு நான் இனி வோட்டுப் போடமாட்டன்” என்றார் மூன்றாமவர். அவருக்கு உண்மையிலேயே கோபம்.

கோயில் பரிபாலன சபைத் தலைவர் குகதாசன்தான் கதையைத் திருப்பினார். அவர் எம்.பி.யின் வலதுகை. தேர்தல் வந்தால் அம்மனைக்கூட ஒரு பக்கம் வைத்துவிட்டு நோட்டீஸ் ஒட்டுகிற ஆள்.

“ஐயா பொய் சொல்லேல்லை. வந்தவர், சாப்பிட்டவர். விளக்கு வைச்ச கிழமையிலை மீன் சமைச்ச வெக்கத்திலை அமராவதி அக்காதான் கோட்டிலை மறைச்சுப்போட்டா. யோசிச்சுப் பாருங்கோ, மீன் எண்டு ஒரு மனிசன் சும்மா சொல்லுவாரோ?”

யோசித்துப் பார்த்தார்கள். எங்கள் சனம் யோசிக்கத் தொடங்கினால் ஆபத்து. பொழுது சாயுமுன் எம்.பி.யின் பொய்யை ஊர் மறந்துவிட்டது, மீன்குழம்பு மட்டும் மிஞ்சியது. மஹ்றூப் பாவம், “அல்லாஹ் அறிய, அந்தக் கிழமை நான் உங்கடை பக்கமே வரேல்லை” என்று சந்தியில் நின்று சொன்னார். அப்படியென்றால் வேறு யாரிடமோ வாங்கியிருக்கிறா என்றார்கள்.

பொங்கல் நெருங்கியபோது சபை கூடி, இந்த வருடம் அகப்பை, இத்தனை வருடமும் அக்காவுக்குத் தேங்காய் துருவிக்கொடுத்த சுதர்சினிக்கு என்று தீர்மானித்தது. அமராவதி அக்கா வெளியே பந்தலில் இருந்து மரக்கறி வெட்டலாம். அதற்குப் பிறகு மாடு பயற்றுக்குள் வந்தபோதும் அக்கா திட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொங்கலன்று எம்.பி. வந்தார். வெறும் மேலோடு, நெற்றி நிறைய திருநீறு, மேன்முறையீட்டில் வெல்லவேண்டும் என்று நேர்த்தி. அன்னதானப் பந்தியில் உட்காருமுன் குகதாசன் மைக்கை எடுத்தார். ஊருக்குள் ஒரு மனக்கசப்பு இருக்கிறது, அம்மன் சந்நிதியிலேயே அதைத் தீர்த்துவிடுவோம் என்று சொல்லி மைக்கை ஐயாவிடம் நீட்டினார். இருவரும் முதலே கதைத்து வைத்த விஷயம் என்று குருடனுக்கும் தெரியும்.

“மீன் எண்டது என்ரை வாய்த் தடுமாற்றம்” என்றார் எம்.பி. “அமராவதி அக்கா அண்டைக்கு எனக்குத் தந்தது புட்டும் கத்தரிக்காய்க் கறியும்தான். அந்த ருசி இப்பவும் நாக்கிலை நிக்குது.”

சனம் கைதட்டியது. மெய்யாகவே எல்லோருக்கும் ஆறுதல். மீனும் போயிற்று, பொய்யும் போயிற்று, ஐயாவும் நல்லவர், அக்காவும் நல்லவர். குகதாசன் குசினிக்குள் ஓடி, சுதர்சினியின் கையிலிருந்த அகப்பையை வாங்கிவந்து அமராவதி அக்காவிடம் நீட்டினார்.

“எல்லாம் முடிஞ்சுது அக்கா. பிடியுங்கோ. ஐயாவுக்கு நீங்களே உங்கடை கையாலை போடுங்கோ.”

அக்கா அகப்பையை வாங்கினார். அதை எப்படிப் பிடித்தார் என்று நான் பார்த்தேன். பேசாமல் இருந்தால் போதும், அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அது அவருடையது. ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒத்துக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் மைக்கடிக்குப் போனார்.

“இந்த ஐயா என்ரை வீட்டிலை மீனும் தின்னேல்லை, கத்தரிக்காயும் தின்னேல்லை” என்றார். “கோட்டிலை ஒரு கதை, கோயிலிலை ஒரு கதை என்னட்டை இல்லை. என்ரை கறியைத் திண்டவன் ரெண்டாந்தரம் கேளாமல் எழும்பினதில்லை. இவர் நாடா வெட்டின நாளுக்குப் பிறகு என்ரை படியே மிதிக்கேல்லை.”

அகப்பையைக் குகதாசனின் கையில் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பந்திக்கு வெட்டிக்கொண்டிருந்த பூசணிக்காயை வெட்டி முடித்தார். சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

எம்.பி.யின் முகம் போன போக்கைப் பார்த்து, இனி ஊருக்குப் புத்தி வந்துவிடும் என்று நம்பினேன். மறுநாள் காலை பால் கொண்டுபோன இடத்தில் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“கத்தரிக்காய் எண்டால் ஓம் எண்டு போட்டு அகப்பையை வைச்சிருப்பாதானே? அதுக்கும் மாட்டன் எண்டவா. அப்ப மீன்தான்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு விசர் பிடித்தது. பால் வாளியை அவர்கள் தலையில் கவிழ்க்காமல் வந்தது அம்மன் புண்ணியம். நேரே வேலியடிக்குப் போய் நடந்ததை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் வைக்கோலை உதறி மாட்டுக்குப் போட்டுக்கொண்டே கேட்டார்.

பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, “பிள்ளை, நேற்று சுதர்சினியின்ரை கறி எப்பிடி?” என்று கேட்டார்.

கறி அருமையாக இருந்தது. நானே இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

“வாயிலை வைக்கேலாது அக்கா” என்றேன். “சனம் அரைவாசி இலையோடை எறிஞ்சது.”

“அப்பிடியோ!” என்று சொல்லிவிட்டு அமராவதி அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை எனக்குக் காட்டக்கூடாது என்றுதான்.