திரைக்குப் பின்னிருந்து வந்த கேள்வி

சூடான ஒயில் மணலில் சொட்டினால் எழும் மணம் வறுத்த எள்ளோடு மண்ணெண்ணெய் கலந்தது போலிருக்கும். எனக்குப் பத்து வயதான அந்த மாரித் தொடக்கத்தில் சாய்ந்தமருதில் எங்கள் வளவு முழுக்க அந்த மணந்தான். "மிசின்" என்று நாங்கள் சொல்லும் வாப்பாவின் பழைய உழவு இயந்திரத்தை வேப்பமரத்தின் கீழே பிரித்துப் போட்டிருந்தார்கள், கலப்பையைத் தூக்க வேண்டிய சிலிண்டர் தூக்க மறுத்ததால். மாவடிப்பள்ளி வயல் வட்டையில் விதைப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. நான்கு நாளுக்குள் உழுது முடிக்காவிட்டால் மழை இறங்கி, அந்தப் போகம் எங்கள் வயல் தரிசாகக் கிடக்கும். அஸர் தொழப் போகும்போதுகூட வாப்பா வானத்தைப் பார்த்தபடியே போனார்.

பழுது பார்க்க வந்தவர் ஆதம்பாவா காக்கா. சிலிண்டருக்குள் ஒயில் தள்ளத் தள்ள நகரும் ஒரு பிஸ்டன், அதன் தலையில் சின்னக் கிண்ணம் போல ஒரு ரப்பர் "வாசர்", அவ்வளவுதான். ஒரு முழம்கூட இல்லாத இது அத்தனை பாரத்தை எப்படித் தூக்குகிறது என்று நான் கேட்காத ஆளில்லை. நைந்துபோன வாசரை எறிந்துவிட்டு அவர் புதியதைப் போட்டுப் பூட்டினார். கலப்பை ஒரு சாண் எழும்பி, மெல்ல இறங்கிவிட்டது. மூன்று தரம் கழற்றிப் பூட்டியும் அதே கதைதான்.

வெளி ஆண்கள் வளவுக்குள் நின்றால் உம்மா கதவுத் திரைக்குப் பின்னால்தான் நிற்பார். தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்பதற்கும் என்னைத்தான் அனுப்புவார். நான் கண்டதையெல்லாம் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். முற்றத்துக் கைப்பம்பு தண்ணீர் இறைக்காத போதெல்லாம் அதைக் கழற்றித் தோல் வாசர் மாற்றுகிறவர் உம்மாதான்.

"வாசர்ர வாய் எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கெண்டு கேளு மகள். பம்புல அது தண்ணியப் பாக்கணும். அங்க ஒயிலப் பாக்கணுமே."

நான் போய் அப்படியே ஒப்பித்தேன், உம்மா கேட்கச் சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

கழற்றிப் பார்த்தால், கிண்ணம் தலைகீழாக இருந்தது. "மூணு தரமும் குப்புறத்தான் போட்டிருக்கன்!" என்று ஆதம்பாவா காக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். திருப்பிப் போட்டதும் கலப்பை ஏறியது. எஞ்சினை நிறுத்திய பின்னும் இறங்கவில்லை. "ஆருட புள்ள இது, என்ன மூள!" என்றார். வாப்பா என் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். வயல் நாள் தவறாமல் விதைபட்டது, கதையும் ஊரெல்லாம் போனது. திரைக்குப் பின்னால் உம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். எனக்கு அந்தப் புகழ் இனித்தது, கேள்வி உம்மாவுடையது என்று நான் சொல்லவில்லை. பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது.

இன்று வாப்பா இல்லை. குழாய்த் தண்ணீர் வந்து கைப்பம்பும் போய்விட்டது, கதவில் திரையும் இல்லை. மிசின் மட்டும் இருக்கிறது. போன வாரம் அதற்கு மறுபடியும் வாசர் மாற்ற ஆதம்பாவா காக்காவின் மகன் வந்திருந்தார். "எங்கட வாப்பா சொல்ற கெட்டிக்காரி நீங்கதானா?" என்று என்னைக் கேட்டார். உம்மா பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"நானில்ல, உம்மாதான்" என்றேன். நாற்பது வருடம் பிந்திய செய்தி.

உம்மா என் பக்கம் திரும்பவில்லை. அந்த மனிதரை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"வாய் ஒயிலப் பாத்துக் கிடக்கா மகன்?"